காலியாக விடக் கூடாத வரி

கார்வர்ஸ் லேண்டிங், இந்தியானா
செப்டம்பர் 14

அன்புள்ள கோரின்,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் உன் அப்பா புல்வெட்டும் இயந்திரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குள் போவார். நாற்பது நிமிஷம் கழித்து வருவார். கையில் கிரீஸ் ஒரு பொட்டுக்கூட இருக்காது, முகம் மட்டும் தெளிந்திருக்கும். அந்த முகத்தை வைத்து நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன். நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. போன வாரம் அந்த முகம் கொஞ்சம் வாடியிருந்தது. உனக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? நீ வேலை பார்க்கும் படகில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

இங்கே சோயா அறுவடை நடக்கிறது. ஊர் முழுக்கத் தூசி. உன் அறை ஜன்னலுக்கு எதிரே இருந்த மேப்பிள் மரத்தில் மின்கம்பி உரசுகிறது என்று பாதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் நிற்கிற பாதியைப் பார்த்தால் யாரோ கோபத்தில் எழுந்து போன மாதிரி இருக்கிறது. உன் அப்பா அதையும் வெட்டிவிடலாம் என்கிறார். நான் விடவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மரத்தைப் பற்றி அல்ல. முன்பு எழுதிய கடிதங்களை நீ பிரிக்காமல் ஒரு மூலையில் போட்டுவைத்திருந்தாலும் பரவாயில்லை, இதைப் பிரி. உன்னிடம் மறைக்கக் கூடாத ஒன்று நடந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்து அனுபவிக்கிறேன். இன்னொரு தடவை செய்யும் தெம்பு இல்லை.

சங்கத்தில் இந்த வருஷம் மூன்று பேர் புதிதாகச் சேர விண்ணப்பித்திருக்கிறார்கள். வழக்கம்போல அவர்களுக்கு வகுப்பு எடுப்பது பதிவாளரான நான். முதல் சனிக்கிழமை, பிரெஸ்பிட்டீரியன் தேவாலயத்தின் கீழ்க்கூடம், அதே ஆடும் மேசைகள். முதல் வகுப்பில் நான் சொல்வதெல்லாம் உனக்கு மனப்பாடம். ஆற்றுக்கோட்டையைக் காத்த நாற்பத்தேழு பேரில் ஒருவருடைய ரத்த வழியில் வந்த பெண்ணாக இருக்க வேண்டும். பதக்கத்தை இடது மார்புக்கு மேல்தான் குத்த வேண்டும், அதற்கு மேலே வேறு நகை கூடாது, கடைகண்ணிக்குப் போகும்போது குத்திக்கொண்டு திரியக் கூடாது. தலைவி உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். காபிக் கூஜா பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றித் தருவது முன்னாள் தலைவிகளின் உரிமை. தெரியாமல் யாராவது தானே ஊற்றிக்கொண்டால் அதை ஒரு வருஷம் பேசுவார்கள். சேர்க்கை நாளில் ஏணி ஒப்பிக்க வேண்டும்: நான் இன்னாருடைய மகள், அவள் இன்னாருடைய மகள் என்று படிப்படியாக மேலே ஏறிக் கோட்டை ஆள்வரை போக வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது.

மூவரில் இரண்டு பேர் அக்காள் தங்கை, மார்ஜோரி டில்மனின் உறவு. மார்ஜோரிதான் இப்போது தலைவி, அதனால் அவளுடைய உறவெல்லாம் சேர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதாக வந்தவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்து மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளாம். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டு, மடிப்புக்கூடக் கலையாமல் வந்திருந்தாள். வருகைத் தாளில் ட்ரீனா மொசர் என்று எழுதினாள். எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பேசும்போது இடது காது மடலைப் பிடித்துக்கொள்கிறாள், கோரின். உனக்கும் அந்தப் பழக்கம். அதை நீ என் தங்கையைப் பார்த்துப் பழகிக்கொண்டாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆமாம், அவள்தான். உன்னைப் பெற்றவள்.

அவளுக்குக் கோட்டையும் தெரியாது, கோட்டையில் யார் இருந்தார்கள் என்கிற அக்கறையும் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கூடத்திலிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நடுவில் மார்ஜோரியின் மருமகள் கேக்குத் தட்டோடு உள்ளே வந்தாள். அவளுக்கு உன் வயதுதான் இருக்கும். ட்ரீனா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அப்புறம் உட்கார்ந்து, தாளில் ஏதோ எழுதுவது போல் பாவனை செய்தாள். அப்போதுதான் அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். “அவ எந்த மேசை?” என்று கேட்டாள்.

நீ உறுப்பினர் இல்லை என்று சொன்னேன். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு போனாள். வண்டியைக் கிளப்பாமல் அதற்குள்ளேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை.

உன் குரலைக் கேட்டு மூன்று வருஷமும் இரண்டு மாசமும் ஆகின்றன. எனக்கு வேண்டியது அந்தக் குரல் மட்டும்தான். ஆனால் இப்போது உன்னிடம் கேட்பது வேறு. அவளிடம் உன்னைப் பற்றி என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் அப்பாவிடம் சொல்லு. கராஜில் உங்கள் இருவருக்குள் ஆயிரம் இருக்கும், அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் அம்மா
(இன்னும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன். நீ வேண்டாம் என்று சொல்லும்வரை போடுவேன்.)


கார்வர்ஸ் லேண்டிங்
நவம்பர் 19

அன்புள்ள கோரின்,

பதில் வராது என்று தெரிந்துதான் போன கடிதத்தைப் போட்டேன். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு எனக்கு முன்வாசலில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது. நேற்று அவரே, ‘ஒன்றும் இல்லை மிஸஸ் ஹட்சென்ஸ், கடைக்காரர்கள் விளம்பரம்தான்’ என்று தூரத்திலேயே சொல்லிவிட்டார். தபால்காரர் இரக்கப்படும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் பார்த்துவிட்டு, எடையைக் குறை என்றார். வீட்டுக்கு வந்ததும் பெர்சிமன் பழப் புட்டிங்கில் இரண்டு துண்டு சாப்பிட்டு அந்த வருத்தத்தைத் தீர்த்துக்கொண்டார். பழம் இந்த வருஷம் ஏராளம். பிசைந்து உறையவைத்திருக்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை, வழக்கத்தில் கை அதைச் செய்கிறது.

ட்ரீனாவிடம் சொல்லிவிட்டேன். உன் சம்மதத்துக்குக் காத்திருந்தேன், இரண்டு மாசம். நீ எங்கே இருக்கிறாய், என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும் சொன்னேன். அது என்னுடையது, அதைச் சொல்ல யாருடைய சம்மதமும் வேண்டாம்.

இரண்டாவது வகுப்பு முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது அவள் துடைத்துத் தந்தாள். எதற்காக எனக்குக் கடிதம் போட்டு அந்தத் தாள்களையெல்லாம் கேட்டீர்கள், கோரினைச் சங்கத்தில் சேர்க்கத்தானே என்றீர்கள், பிறகு ஏன் அவள் சேரவில்லை என்று கேட்டாள். கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஏழு வயதில் நீ என் ஏணியைக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பாடுவாய் என்றேன். நான் கோரின், அர்லீனின் மகள், அர்லீன் ஹேசலின் மகள், ஹேசல் மினர்வாவின் மகள் என்று ஆரம்பித்து இலைஜா ப்ரூவிட் வரை மூச்சுவிடாமல். எனக்கே நடுவில் ஒரு படி தட்டும், உனக்குத் தட்டாது. சங்க விழாவில் வெள்ளைக் கவுன் போட்டுக் கொடி பிடித்தாய். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் என்னிடமே படிவத்தை வாங்கி, நீயே நிரப்பி, என் மேசைமேல் வைத்தாய். முதல் வரியில் ‘அர்லீன் ஹட்சென்ஸின் மகள்’ என்று உன் அழகான கையெழுத்து.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னேன். அந்தப் படிவத்தை நான் பதிவாளராகப் படித்தேன். அம்மாவாகப் படிக்கத் தோன்றவில்லை. சிவப்புப் பென்சில் கையிலேயே இருந்தது. ரத்த வழி மட்டும்தான் செல்லும், தத்து செல்லாது, விதி நான்கு. உன் பெயருக்குக் கீழே என் பெயரைச் சிவப்பில் அடித்தேன். ஓரத்தில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதினேன். தினமும் அப்படித்தானே யாருக்காவது எழுதுகிறேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நீ இன்னும் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாய்.

நீ அழவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, எடுத்துக்கொண்டு போனாய். இரவுச் சாப்பாட்டுக்குச் சிரித்துப் பேசினாய். நானும் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைகள் சிரித்துப் பேசினால் முடிந்துவிட்டது என்று நினைக்கிற முட்டாள்களில் நானும் ஒருத்தி.

சில வருஷம் கழித்து மனசு உறுத்த ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் உன்னிடம் வந்து, தப்பு செய்துவிட்டேன் கண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், கோரின். ஒரு படிவம் செல்லாது என்றால் செல்லுகிற படிவம் ஒன்றைத் தேட வேண்டும். நீ வந்தபோது சுற்றியிருந்த துணியில் மருத்துவமனைப் பட்டி ஒன்று இருந்தது, அதில் ஒரு குடும்பப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு பதினோரு குளிர்காலம் மாவட்ட நூலகங்களில் உட்கார்ந்தேன். கல்லறைகளில் பனியைத் துடைத்துப் படித்தேன். கடைசியில் கோட்டையில் சைலஸ் காப் என்று ஒருவன் அகப்பட்டான். உனக்கும் ஒரு ஏணி இருந்தது. அன்றைக்கு நூலகத்திலேயே நான் அழுதேன்.

அதில் ஒரு படிதான் பாக்கி, ட்ரீனா. அவளுக்கு எழுதினேன். அவள் பிறப்புச் சான்றிதழும், நீ பிறந்ததற்கு ஏதாவது தாளும் வேண்டும் என்று. ஒரே வாரத்தில் அனுப்பினாள். நீ பிறந்த அன்று மருத்துவமனையில் எடுத்த பாதச் சுவட்டு அட்டை, இரண்டு சின்னக் கால், கறுப்பு மையில். அசல், நகல் இல்லை. கூடவே ஒரு துண்டுத் தாள்: அவ நல்லா இருக்காளா?

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நன்றி என்று மட்டும் எழுதினேன். அந்தப் பாதச் சுவட்டின் மேல் ‘ஆதாரம் 3’ என்று முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தேன். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, நீல நாடா கட்டி, உன் பிறந்தநாளுக்கு அனுப்பினேன். முதல் வரியில், ‘நான் கோரின், ட்ரீனா மொசரின் மகள்.’ நானே தட்டியது. ஒரு பிழைகூட இல்லை.

நீ போனில் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது தினமும் என் காதில் இருக்கிறது.

“என்னைத் திருப்பிக் குடுத்துட்டம்மா நீ. ரசீது எல்லாம் வச்சு.”

ட்ரீனா கடைசிக் கோப்பையைத் துடைத்து அடுக்கினாள். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது எழுதவே.

“நான் விட்டப்ப எனக்குப் பதினேழு வயசு,” என்றாள். “உங்களுக்கு அறுபத்தாறு. எனக்காவது புத்தி வராத வயசுன்னு ஒரு சாக்கு இருக்கு.”

அவள் சத்தம்கூடப் போடவில்லை. நான் ஆமாம் என்றேன்.

இன்னொன்று. இதற்காகத்தான் இன்று எழுதுகிறேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் பெயர் எழுதும் இடம் இருக்கிறது, மூத்தவரிலிருந்து. ட்ரீனா தன் இரண்டு பையன்களின் பெயரை எழுதியிருந்தாள். ஆனால் இரண்டாவது வரியிலும் மூன்றாவது வரியிலும். முதல் வரியைக் காலியாக விட்டிருந்தாள். தலைமையகத்தில் காலி வரி இருந்தால் படிவத்தையே திருப்பிவிடுவார்கள், முப்பத்தோரு வருஷமாக எல்லோருக்கும் நான் சொல்வது அதுதான். அவள் விரலால் அந்த வரியைத் தொட்டு, “இதுல நீங்க என்ன எழுதச் சொல்றீங்களோ அதை எழுதறேன்,” என்றாள்.

சங்கத்தின் கணக்கில் நீ அவளுடைய மூத்த மகள். விதி நான்கு. என்னுடைய படிவத்தில், நீ வருவதற்கு முன்பு நான் சேர்ந்தபோது எழுதியது, குழந்தைகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. அதை மாற்ற விதியில் இடமில்லை. மாற்றக் கேட்டு ஒரு தடவையாவது எழுதினாயா என்று நீ கேட்டால், எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

பேனாவை அவள் என்னிடம் நீட்டினாள். உன் பெயருக்குச் சரியான எழுத்து அவளுக்குத் தெரியாது. நான்தான் எழுதினேன். கோரின் எலெய்ன் ஹட்சென்ஸ். மை காயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாதச் சுவட்டு அட்டையை நீ வைத்திருக்கிறாயா? கோப்பை நீ கிழித்துப் போட்டிருந்தால் அதில் தப்பே இல்லை. அட்டை மட்டும் மிஞ்சியிருந்தால் பத்திரமாக வை. அது அவளுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் அவளிடம் இருந்த ஒரே பொருளை நான் கேட்டு வாங்கி, முத்திரை குத்தி, கொரியரில் போட்டுவிட்டேன்.

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு ஆறு பேருக்குச் சமைக்கிறேன். வரப்போவது மூன்று பேர்.

அம்மா


கார்வர்ஸ் லேண்டிங்
மார்ச் 23

அன்புள்ள கோரின்,

ஆற்றில் வெள்ளம் ஏறி இறங்கிவிட்டது. கீழ்த் தெருவில் சேறு. நம் வீட்டுக்கு வரவில்லை, மூன்று வீடு தள்ளி நின்றது. உன் அப்பாவுக்கு முழங்கால் அறுவை ஏப்ரலில். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். பெரிய விஷயம் இல்லை என்றார் டாக்டர். ஆனால் சில வாரம் அவரால் கராஜ் படியில் இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்து வீட்டு டோரத்தியைப் பார்க்கப் போய்விடுகிறேன். அவர் ஹாலிலேயே பேசட்டும்.

இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். மிரட்டல் என்று நினைக்காதே. கடிதமும் ஒருவகையில் உன் கதவைத் தட்டுவதுதானே. மூன்று வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று இந்தக் குளிர்காலத்தில்தான் உறைத்தது.

சேர்க்கை விழா போன சனிக்கிழமை நடந்தது. மார்ஜோரி தன் மூன்று பதக்கத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள், நடந்தால் ஆட்டுக்கு மணி கட்டினாற்போல் சத்தம். அவளுடைய உறவுப் பெண்கள் இருவரும் ஏணியை ஒப்பிக்கத் திணறினார்கள், ஒருத்தி உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தாள். ட்ரீனா எழுந்தாள். நான் ட்ரீனா, டோனாவின் மகள் என்று ஆரம்பித்தாள். எட்டுப் படியும் ஏறிச் சைலஸ் காப் வரை போனாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை. பேருந்து ஓட்டும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம், பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார்களாம்.

பதக்கம் குத்துவது பதிவாளர் வேலை. அவள் சட்டையில் குத்தும்போது ஊசி தவறி அவள் தோளில் பட்டுவிட்டது. அவள் அசையவில்லை. “பரவால்ல, குத்துங்க,” என்றாள் மெதுவாக. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வம்சாவளி வேலை அது. ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் இருக்கிறது. உன்னை அதில் வைத்துத்தான் தொலைத்தேன்.

காபி நேரத்தில் ட்ரீனாவே கூஜாவைத் தூக்கித் தனக்கு ஊற்றிக்கொண்டாள். கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவது கோப்பை ஊற்றி என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். மறக்கவில்லை. மார்ஜோரி பார்த்த பார்வையில் காபி ஆறிப்போயிருக்கும். நாங்கள் இருவரும் குடித்தோம்.

அவள் உன் முகவரியைக் கேட்பாள் என்று ஆறு மாசமாகப் பயந்துகொண்டிருந்தேன். கேட்டால் கொடுக்கக் கூடாது என்று தீர்மானமாக இருந்தேன், உன்னைக் கேட்காமல் இனி ஒன்றும் செய்வதில்லை. அவள் கேட்டது வேறு.

“புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் சொல்லித் தர்றீங்கல்ல. எனக்கு அவளைச் சொல்லித் தாங்க. ஒருவேளை என்னைக்காவது பார்த்தா நான் ஒண்ணும் தெரியாம நிக்கக் கூடாது.”

கூடம் காலியான பிறகு அதே ஆடும் மேசையில் உட்கார்ந்தோம். வகுப்புக்குக் கொண்டுவரும் நோட்டை அவள் பிரித்துவைத்துக்கொண்டாள். நான் சொன்னேன். முட்டையின் மஞ்சள் கரு தனியாகத் தெரிந்தால் சாப்பிட மாட்டாள், கலக்கிக் கொடுத்தால் சாப்பிடுவாள். தூங்கி எழுந்த அரை மணிக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பாராட்டினால் கோபம் வரும். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள், அப்போது பக்கத்தில் நின்று துடைத்துத் தரலாம், பேசக் கூடாது. ஒன்பது வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பு வலது புருவத்தில். பென்சிலின் ஆகாது, அதை இரண்டு தடவை சொன்னேன், அவள் இரண்டு தடவை எழுதினாள். காயம் பட்டால் சிரித்துப் பேசுவாள், அந்தச் சிரிப்பை நம்பாதே என்றேன். நான் நம்பினேன்.

இருட்டும்வரை சொன்னேன். நாலு பக்கம் ஆனது. சில இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்துகொண்டாள், நான் காத்திருந்தேன். சில இடத்தில் நான் நிறுத்தினேன், அவள் காத்திருந்தாள். முடிந்ததும் நோட்டை மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள். பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்புகிறவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

இத்துடன் அவள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஒட்டியே கொடுத்தாள், நான் படிக்கவில்லை. உறையின் பின்பக்கம் அவள் முகவரி. நீ பதில் எழுதினால் எழுது, வேண்டாம் என்றால் வேண்டாம், அதை யாரும் எதிலும் பதியப் போவதில்லை. ஆனால் உனக்கு இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் எழுதும் மனம் இருக்கிறது என்றால் அவளுக்கு எழுது. அன்று துண்டுத் தாளில் கேட்டாளே, நீ நன்றாக இருக்கிறாயா என்று, அவள் கேள்வி இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், நீயாவது சொல்லு.

பதிவாளர் வேலையை மார்ஜோரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னேன், அவளும் நம்பினாள். இதனால் நீ மனம் மாற வேண்டும் என்று எழுதவில்லை. அந்தப் பென்சிலைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ட்ரீனாவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். தப்பென்றால் மன்னித்துவிடு.

நாலைந்து வயதில் நீ தரையில் உட்கார்ந்து ஏதாவது விளையாடிக்கொண்டிருப்பாய். நான் அடுத்த அறையில் தாள்களோடு இருப்பேன். திடீரென்று “அம்மா” என்று கூப்பிடுவாய். போட்டது போட்டபடி ஓடிவந்து, என்ன கண்ணு என்பேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். “ஒண்ணும் இல்ல, சும்மா கூப்ட்டேன்” என்பாய். ஒரு நாளைக்குப் பத்து தடவை. வேலையைக் கெடுக்கிறாயே என்று நான் திட்டியிருக்கிறேன்.

நீ மன்னிக்க வேண்டாம். இங்கே வர வேண்டாம். பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் பேசவும் வேண்டாம். என்றைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு தடவை, சும்மா கூப்பிடு.

நீ எந்தக் கரையில் இருந்தாலும் நன்றாக இரு.

அம்மா